கேக்குக்குள்ளே ஒரு நீத்துப்பூசணி

தோசி எண்டு எழுதினால் தமிழ்நாட்டு நண்பர்கள் அதை எழுத்துப்பிழை எண்டு நினைப்பினம். "தோசையைச் சொல்லுறீங்களோ?" எண்டு கேட்டவையும் உண்டு. கொழும்பில் வளர்ந்த ஆக்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. டிசம்பர் மாதம் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு பலசரக்குக் கடைக்குள்ளே போய் "தோசி இருக்கா?" எண்டு கேட்டால், சீனி பூத்த வெள்ளைக் கட்டிகள் உள்ள ஒரு சின்னப் பொதி கைக்கு வரும். நீத்துப்பூசணியைச் சீனிப்பாகில் காய்ச்சி, ஊறவைத்து, திரும்பவும் காய்ச்சி எடுத்தது. சிங்களத்தில் புஹுல் தோசி. நாங்கள் பூசணித் தோசி எண்டும் சொல்லுவம், புஹுல் தோசி எண்டும் சொல்லுவம். கொட்டாஞ்சேனையில் ஒரு வசனத்துக்குள்ளே ரெண்டு மொழி வராட்டில்தான் அதிசயம்.

அதைத் தனியாகத் தின்னுற ஆக்கள் குறைவு. லவ் கேக்குக்கும் நத்தார் கேக்குக்கும் போடத்தான் வாங்கிறது. வெட்டி, பொடியாக்கி, ரவையோடும் கஜுவோடும் கலந்து வெதுப்பினால் அது ஒளிச்சிடும். கேக் துண்டைக் கடிக்கிற ஆளுக்கு ஈரம் தெரியும், ஒரு சின்ன நொறுக்கு தெரியும், பூசணிக்காய் தின்னுறம் எண்ட எண்ணம் வராது. இந்த ஒளிச்சுக் கிடக்கிற காயைப் பிடிச்சுக்கொண்டு போனால் கொழும்பின்ர ஐந்நூறு வருசத்துக்குள்ளே போகலாம். போய்ப் பார்ப்பம்.

சொல்லில் இருந்து தொடங்குவது சுகம். தோசி என்பது போர்த்துக்கேய மொழியின் 'தோசெ', அதாவது இனிப்பு. எங்கட வீடுகளுக்குள்ளே கிடக்கிற போர்த்துக்கேயச் சொற்களை எண்ணத் தொடங்கினால் கை விரல் காணாது: குசினி, அலுமாரி, வாங்கு, பாண், கஜு. ஆனால் குசினியும் பாணும் எல்லாரும் பாவிக்கிற சொற்கள். தோசி கொஞ்சம் மேட்டிமையான சொல். அது வந்தது ஆட்சியோடு, கோயிலோடு, விருந்தோடு. 1505இல் கொழும்புக் கரைக்கு வந்த போர்த்துக்கேயர் 1656 வரை இந்த நகரத்தைப் பிடிச்சு வைத்திருந்தார்கள். அவர்கள் வாறதுக்கு முன்னமே மதெய்ரா எண்ட அத்திலாந்திக் தீவில் கரும்பு நட்டு, அங்கே அடிமைகளைக் கொண்டு வேலை வாங்கி, சீனியை ஐரோப்பாவுக்கு வித்தவர்கள். பழத்தைச் சீனியில் போட்டு வருசக்கணக்காக வைத்திருக்கிற வித்தை அவர்களுடைய கன்னியர் மடங்களில் ஒரு கலையாகவே வளர்ந்தது. மாமலேட் எண்ட சொல்லும் அவர்களுடையதுதான். மார்மெலோ எண்ட பழத்தைச் சீனியில் இறுக்கிச் செய்தது மார்மெலாதா.

அப்ப தோசியைக் கொண்டு வந்தது போர்த்துக்கேயரோ? இங்கதான் நாங்கள் கொஞ்சம் நிண்டு யோசிக்க வேணும். சொல் வந்தது உண்மை. பண்டமும் அதோடு வந்ததெண்டு நாங்கள் நம்பேல்லை. ஆக்ராவில் பேட்டா எண்டு விக்கிற இனிப்பைப் பாருங்கோ. அதே நீத்துப்பூசணி, அதே சீனிப்பாகு, அதே வெள்ளைக் கட்டி. சித்த ஆயுள்வேத மருத்துவத்தில் வெண்பூசணி லேகியம் நெடுங்காலமாக இருக்கு. அதுவும் இந்தக் காயைத் துருவி இனிப்பில் கிண்டி எடுக்கிறதுதான். சீனியே முதலில் மருந்துப் பெட்டிக்குள்ளேதான் இருந்தது. ஐரோப்பாவிலும் சீனியில் ஊறிய இஞ்சியையும் தோடம்பழத் தோலையும் முதலில் மருந்துக்கடைக்காரர்தான் வித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு செமிக்க ஒரு துண்டு, அவ்வளவுதான். இனிப்பு மேசைக்கு அது வந்தது பிறகு.

கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கிற வித்தையும் மேற்கில் இருந்து வந்ததில்லை. சுமார் 1,500 வருசத்துக்கு முன்னமே இந்தியாவில் சீனிக் கட்டி செய்தார்கள். சமஸ்கிருதத்தில் கண்டம் எண்டால் துண்டு. அது பாரசீகத்தில் கந்த் ஆகி, அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலத்தில் கெண்டி ஆனது. எங்கட கற்கண்டிலும் அந்தக் கண்டுதான் கிடக்கு. தமிழ்நாட்டில் இஞ்சி முரப்பா எண்டு விக்கிறார்களே, அந்த முரப்பா அரபுச் சொல். பாகில் போட்ட பழத்துக்கு அரபியர் வைத்த பேர் முரப்பா. ஆக, கற்கண்டு இங்கேயிருந்து மேற்கே போனது, தோசி மேற்கே இருந்து திரும்பி வந்தது. போன ஆளும் வந்த ஆளும் ஒண்டுதான் எண்டு அடையாளம் தெரியாமல் நாங்கள் அதுக்குப் புதுப்பேர் வைத்திருக்கிறம்.

இன்னொரு சொல்லும் இருக்கு. சீனி. தமிழ்நாட்டில் வெள்ளையாக இருக்கிறதைப் பெரும்பாலும் சர்க்கரை எண்பார்கள். எங்களுக்குச் சர்க்கரை எண்டால் பொங்கலுக்குப் போடுற மண்ணிறக் கட்டி. வெள்ளை எண்டால் சீனிதான். சீனத்தோடு தொடர்புபட்ட பேர். இந்தப் பேருக்குப் பின்னாலே கொழும்போடு நேரடியாக முட்டுற ஒரு கதை இருக்கு. அதைப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரேல்லை.

1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தரிடம் போயின. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆசியத் தலைமையகம் பத்தாவியா, இண்டைக்கு ஜகார்த்தா. அந்த நகரத்தைச் சுற்றிக் கரும்புத் தோட்டங்கள், ஆலைகள். 1710 அளவில் 130 வரையான ஆலைகள் இருந்தன. நடத்தினது பெரும்பாலும் சீனர், அவற்றில் உழைத்ததும் சீனக் கூலிகள். பிறகு உலகச் சந்தையில் சீனி விலை விழுந்தது. ஆலைகள் மூடுப்பட்டன, வேலையில்லாத சீனர் நகரத்தைச் சுற்றித் திரியத் தொடங்கினார்கள். கொம்பனிக்குப் பயம் வந்தது. 1740 ஜூலையில் ஒரு கட்டளை: சந்தேகத்துக்குரிய சீனரைப் பிடிச்சு இலங்கைக்கு அனுப்பு, கறுவா உரிக்க விடு. அந்த நேரம் பத்தாவியாவில் செல்வாக்கோடு இருந்த வான் இம்ஹொப் அதுக்குக் கொஞ்சம் முன்னம், 1736 தொடக்கம் 1740 வரை, இலங்கையின் ஆளுநராக இருந்தவர். கப்பலில் ஏத்தின ஆக்களைக் கடலுக்குள்ளே தள்ளி விடுகினம் எண்டு ஒரு கதை பரவ, சீனர் கிளர்ந்தார்கள். ஒக்டோபரில் படுகொலை. பத்தாவியா நகரத்துக்குள்ளே பத்தாயிரம் வரையான சீனர் கொல்லப்பட்டதாகக் கணக்கிடுவர்.

லவ் கேக்கில் சீனியும் கறுவாவும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்குது. அந்த ரெண்டையும் ஒரே கட்டளைக்குள்ளே கட்டிப் போட்டது 1740. சீனி செய்த ஆளைக் கொண்டு வந்து கறுவா உரிக்க வைக்கிற திட்டம் அது.

ஒல்லாந்தர் காலக் கொழும்பில் அந்தச் சீனியைப் பாகாக்கிக் கிண்டின கைகள் ஆருடையவை எண்டும் கேக்க வேணும். ஒல்லாந்த வீடுகளில் வீட்டுவேலை செய்தது அடிமைகள். இரவில் அவர்களை அடைச்சு வைத்த இடந்தான் கொம்பனித்தெரு, ஆங்கிலத்தில் நெடுங்காலம் சிலேவ் ஐலண்ட் எண்டு வழங்கின இடம். அங்கே இப்ப வானளாவிய மாடிகள் கட்டியாச்சு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிஞ்சது 1844இல். சமையல் புத்தகங்களில் லவ் கேக் பறங்கியரின் பண்டம் எண்டு எழுதி இருக்கும். அது பிழையில்லை. ஆனால் பறங்கியர் வீட்டுக் குசினிக்குள்ளே ஆர் நிண்டது எண்ட வரி அந்தப் புத்தகங்களில் இருக்காது. ரவை, பன்னீர், ஏலம், பாகு எண்டு ஒரு லவ் கேக்கின் கூட்டுப்பொருளைப் பாருங்கோ. லிஸ்பனின் மணத்தைவிட அரபு, இந்திய அடுப்புகளின் மணம்தான் அதில் கூட அடிக்குது. செய்த ஆக்கள் தங்களுக்குத் தெரிஞ்சதை அதுக்குள்ளே போட்டிருக்கினம் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.

ஆங்கிலேயர் 1796இல் கொழும்பைப் பிடிச்ச பிறகு பழக் கேக் வந்தது. அதோடு பிளம்ஸும் வந்தது. இங்கே ஒரு சின்ன விலகல். வெள்ளவத்தை வீடுகளில் கேசரிக்கும் பாயாசத்துக்கும் "கஜுவும் பிளம்ஸும்" போடுவம். அந்தப் பிளம்ஸ் வேறொண்டுமில்லை, உலர்ந்த முந்திரிகைப்பழம். பழைய ஆங்கிலத்தில் பிளம் எண்டு உலர்ந்த திராட்சையையும் சொன்னார்கள், பிளம் புடிங் எண்டது அப்படி வந்த பேர். இங்கிலாந்தில் அந்த வழக்கு தேய்ஞ்சு போட்டுது. எங்கட அம்மாக்களின் கடைத் துண்டில் அது இன்னும் உயிரோடு இருக்கு. தமிழ்நாட்டு ஆக்களிடம் முந்திரி எண்டால் கஜுவைத் தருவினம், இங்கே முந்திரிகை எண்டால் திராட்சை. ஒரே பாயாசத்தை ரெண்டு பேர் செய்தால் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும்.

ஆங்கிலேயர் காலத்தில் சீனாவில் இருந்து சீனியில் ஊறிய இஞ்சியும் சவ் சவ்வும் சாடிகளில் வந்தன. சவ் சவ் எண்டது தோடம்பழத் தோல், இஞ்சி எல்லாம் கலந்து பாகில் போட்டது. 1886இல் வந்த ஹொப்சன் ஜொப்சன் அகராதியில் அதுக்கு ஒரு பதிவே இருக்கு. பிறகு மலைநாட்டில் கொடியாகப் படருற பச்சைக் காய்க்கும் அதே பேர் ஒட்டிக்கொண்டது. இண்டைக்குக் கடையில் சவ் சவ் பிரிசர்வ் எண்டு வாங்கினால் உள்ளே என்ன காய் எண்டதுக்கு ஆளுக்கு ஆள் வேறு பதில் சொல்லுவினம். கேக்குக்கு அது ஒண்டும் குறையில்லை. பாகில் ஊறின பிறகு எல்லாக் காய்க்கும் ஒரே குணந்தான்.

இந்தச் சாமான்கள் எல்லாம் ஒரு இடத்தில் சேர்ந்தது எங்கட நத்தார் கேக்கில். இங்கிலாந்துக் கேக்கில் மா. எங்கட கேக்கில் ரவை. 25 முட்டை, அரைச்ச கஜு, பூசணித் தோசி, சவ் சவ், இஞ்சி, செரி, தோடம்பழத் தோல், பிளம்ஸ், சுல்தானாஸ், தேன், பன்னீர், பிரண்டி. தாச்சியிலோ தட்டத்திலோ உள்ளே பழைய பேப்பரை நாலைஞ்சு அடுக்காக விரிச்சு, அதுக்கு மேலே வெண்ணெய் பூசின தாள் போட்டு, மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வெதுப்புறது. பிறகு தீப்பெட்டி அளவில் வெட்டி, எண்ணெய்த் தாளில் சுத்தி, மேலே நிறக் கண்ணாடித் தாள். 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்து வெளிவந்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் புத்தகம் இந்த மாதிரிப் பண்டங்களை ஆங்கிலம் வாசிக்கிற நடுத்தர வீடுகளுக்குள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் புத்தகத்தின் பல பதிப்புகள் இன்னும் அலுமாரிகளில் மஞ்சளாகிக் கிடக்குது.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதுக்குப் பிறகு பறங்கியர் பெருமளவில் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். கொழும்பில் பிறந்த சார்மெயின் சொலமன் 1959இல் சிட்னிக்குப் போய், 1976இல் எழுதின ஆசியச் சமையல் புத்தகம் அவரை உலகம் முழுக்க அறிய வைத்தது. ஆக்கள் போனார்கள், கேக் இங்கேயே நிண்டுட்டுது. அதை எடுத்துக்கொண்டது கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகள், தூத்துக்குடிக் கரையில் இருந்து வந்த பரதர் வீடுகள், கொழும்புச் செட்டி வீடுகள். பிறகு வெள்ளவத்தைச் சைவ வீடுகளும். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எண்டால் சைவ வீட்டிலும் கேக் வெட்டாமல் முடியாது. முட்டை தின்னாத அம்மம்மா மட்டும் துண்டைப் பேரப்பிள்ளையின் கையில் குடுத்திடுவா.

நீத்துப்பூசணிக்கு எங்கட ஊரில் வேறொரு வேலையும் இருக்கு. வீடு குடிபுகேக்குள்ளே, கடை திறக்கேக்குள்ளே கண்ணேறு கழிக்க அதைத்தான் வெட்டுறது. குங்குமம் தடவி, கற்பூரம் கொளுத்தி, ரெண்டாகப் பிளக்கிறது. மிருகப்பலிக்குப் பதிலாக வந்த காய் அது. சிங்களச் சடங்குகளிலும் புஹுல் வெட்டுறது உண்டு. கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒரே கடையில் ஒரே குவியலில் இருந்து ஒருவர் தீட்டுக் கழிக்க ஒரு காயும், அடுத்த ஆள் கேக்குக்கு ஒரு காயும் வாங்கிக்கொண்டு போவினம். கடைக்காரருக்கு ரெண்டும் ஒரே விலை.

1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. சீனி பங்கீட்டில், பாணுக்கு வரிசை. யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்க் கமக்காரருக்கு அது காசு கண்ட காலம். கொழும்புக் கேக் அடுப்புகளுக்கு அது வேறொரு காலம். சுல்தானாஸும் செரியும் கிடைக்காத இடத்தில் உள்ளூர்க் காய்கள் ஏறின. பச்சைப் பப்பாசியைச் சின்னதாக வெட்டி, பாகில் ஊறவைத்து, சிவப்பு நிறம் போட்டால் செரி. அன்னாசியைப் பாகில் போட்டால் அது ஒரு பழம். வத்தகப்பழத்தின் வெள்ளைத் தோலும் பாகுக்குப் போனது. இதெல்லாம் மூத்த பெண்களின் வாயில் இருந்து இண்டைக்கும் கேட்கலாம். "அந்தக் காலத்தில செரி எண்டா பப்பாசிதான் பிள்ளை" எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுவினம். பங்கீட்டுச் சீனியைக் கிழமை கிழமையாக மிச்சம் பிடிச்சு நத்தாருக்குச் சேர்த்த கதையை அந்தச் சிரிப்போடு சேர்த்துத்தான் கேக்க வேணும். ஒரு கிலோ காய்க்கு ஒரு கிலோ சீனி கேக்கிற பண்டம் இது.

2022இல் அந்தக் கதை திரும்பி வந்தது. அந்த வருசம் ஓகஸ்ட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட வகைப் பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. அதுக்கு முன்னமே சமையல் எரிவாயுவுக்கு இரவிரவாக வரிசை. மூண்டு நாள் விட்டு விட்டுக் காய்ச்சிற தோசிக்குச் சீனி மட்டும் போதாது, நெருப்பும் வேணும். எரிவாயு இல்லாத வீடுகளில் விறகு அடுப்புக்குப் போனார்கள், மாடிவீடுகளில் அதுக்கும் வழியில்லை. வெள்ளவத்தையில் வீட்டில் இருந்து கேக் செய்து வித்துப் பிழைக்கிற பெண்களுக்கு அந்த வருசம் எப்படி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. முட்டை விலை, வெண்ணெய் விலை, கஜு விலை எல்லாம் ஒண்டாக ஏறினது. குவியலில் மலிவாக நிண்டது நீத்துப்பூசணிதான்.

அதனால் செய்முறையை எழுதி வைக்கிறது நல்லது எண்டு நினைக்கிறம். நல்லா முத்தின, மேலே சாம்பல் பூத்த காய் வேணும். தோலைச் சீவி, விதையையும் பஞ்சு போன்ற நடுப்பகுதியையும் எடுத்திட்டு, இறுக்கமான சதையை மட்டும் ஒரு அங்குலக் கட்டிகளாக வெட்ட வேணும். ஒவ்வொரு கட்டியையும் முள்ளுக்கரண்டியால் நாலு பக்கமும் குத்த வேணும். அலுப்பான வேலை, ஆனால் விடக்கூடாது. குத்தாட்டில் பாகு உள்ளே போகாது. சில வீடுகளில் இந்தக் கட்டிகளைச் சுண்ணாம்புத் தண்ணியில் போடுவினம். வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லீற்றர் தண்ணியில் கரைச்சு, அடியில் படிய விட்டு, மேலே தெளிஞ்ச தண்ணியை மட்டும் எடுத்து அதில் மூண்டு மணித்தியாலம். காயில் இருக்கிற பெக்டினோடு சுண்ணாம்பின் கல்சியம் சேர்ந்து சதையை இறுக்கும், பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் கரையாது. எடுத்து நாலைஞ்சு தண்ணியில் அலச வேணும். சுண்ணாம்பின் மணம் துளியும் நிக்கக் கூடாது.

பிறகு வெறும் தண்ணியில் அவிச்சு, கட்டிகள் கண்ணாடி மாதிரி வரேக்குள்ளே வடிக்கிறது. சீனியை ஒரேயடியாகப் போடுறதுதான் எல்லாரும் படுற அவசரம். முதல் நாள் பாதிச் சீனி. மெல்லிய பாகில் பத்து நிமிசம் கொதிக்க விட்டு, இறக்கி, அப்படியே இரவு முழுக்க மூடி வைக்க வேணும். கடுமையான பாகில் முதல் நாளே போட்டால் காயில் இருக்கிற தண்ணி சடாரெண்டு வெளியே வரும், சீனி உள்ளே போக நேரமில்லை, கட்டி சுருங்கித் தோல் மாதிரி ஆகிடும். அடுத்த நாள் மிச்சச் சீனியில் பாதி, மூண்டாம் நாள் மிச்சம். கடைசியில் பாகு ரெண்டு கம்பிப் பதம் வரேக்குள்ளே பன்னீர் விட்டு இறக்கி, மரக்கரண்டியால் மெதுவாகக் கிளற வேணும். வெள்ளையாகப் பூக்கத் தொடங்கும். பரவி உலர விட்டால் முடிஞ்சுது.

தோசிக்குத் தேசிக்காய்ப் புளி விடக் கூடாது, இஞ்சிக்கு விட வேணும். புளி சீனியை உடைக்கும், உடைஞ்ச சீனி கட்டி பூக்காது. பூக்க வேண்டியது தோசி, பாகாகவே நிக்க வேண்டியது இஞ்சி. தோடம்பழத் தோல் எண்டால் மூண்டு தரம் தண்ணி மாத்தி அவிச்சுக் கசப்பை எடுத்துப்போட்டுத்தான் பாகுக்குப் போறது. லவ் கேக்குக்குத் தோசியை மிளகு அளவுக்குப் பொடியாக வெட்ட வேணும். ரவை ஈரத்தை உறிஞ்சும் சாமான், தோசி அதை மெதுவாகத் திருப்பிக் குடுக்கும். அதுதான் நாலாம் நாள் லவ் கேக் முதல் நாளைவிட நல்லா இருக்கிற காரணம்.

இவ்வளவும் எழுதினாப் பிறகு ஒரு கேள்வி எங்களை விடுகுதில்லை. எங்களுக்கெண்டு ஒரு பாகுப் பழம் இருந்ததில்லையோ? இருந்தது, இருக்கு. பாணிப்பனாட்டு. பழுத்த பனம்பழத்தைப் பிசைஞ்சு களி எடுத்து, பனையோலைப் பாயில் ஊத்தி, வெயிலில் காய விட்டு, காய்ஞ்சதுக்கு மேலே திரும்பவும் ஊத்தி, அடுக்கடுக்காக எடுக்கிறது பனாட்டு. அதைத் துண்டாக்கிப் பனம்பாணியில் ஊறப்போட்டு, மிளகு, சீரகம் போன்ற சரக்குச் சேர்த்து முட்டியில் கட்டி வைத்தால் பாணிப்பனாட்டு. பழம், இனிப்பு, மாதக்கணக்கான ஊறல். தோசிக்கு உள்ள எல்லா இலட்சணமும் இதுக்கும் உண்டு. கப்பலில் வந்த ஒரு சாமானும் இதுக்குத் தேவையில்லை. கருப்பநீர் புளிக்காமல் இருக்க முட்டிக்குள்ளே தடவுறதும் அதே சுண்ணாம்புதான். 1850இல் வில்லியம் பெர்குசன் கொழும்பில் பனையைப் பற்றி வெளியிட்ட நூலில் பனாட்டைப் பற்றியும் எழுதி இருக்கிறார்.

ஆனால் கலியாண வீட்டில் கண்ணாடித் தாளில் சுத்திக் கையில் தாறது கேக். பனாட்டை ஒருவரும் அப்படிச் சுத்தித் தரேல்லை. ஏன்? சுவை எண்டு சொல்லித் தப்பலாம், அது முழு உண்மையில்லை. பனை ஏறினது ஆர், பாணி காய்ச்சினது ஆர் எண்டு யாழ்ப்பாணச் சமூகத்துக்குத் தெரியும். மரத்தில் ஏறின ஆளைக் கிணத்தடிக்கு விடாத சமூகம், அந்த ஆளின் கையால் வந்த பனங்கட்டியை மட்டும் வீட்டுக்குள்ளே விட்டது, அதையும் ஏழையின் இனிப்பாகத்தான் வைத்திருந்தது. சீனி வெள்ளை, அது தூரத்தில் இருந்து வந்தது, அதைச் செய்த கையை நாங்கள் காணேல்லை. காணாத கைக்குச் சாதி தெரியாது. பத்தாவியா ஆலையில் செத்த ஆளின் கதை கேக் துண்டில் ஒட்டேல்லை, பனையேறியின் கதை மட்டும் பனாட்டில் ஒட்டிக்கொண்டது. வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சீனி கைக்கெட்டாத விலைக்குப் போகேக்குள்ளே, எல்லாச் சாதி வீடுகளிலும் பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சு வெறுந்தேத்தண்ணி குடிச்சது அப்ப அங்கே இருந்த ஆக்களுக்கு மறக்காது. தடை நீங்கினதும் பனங்கட்டி திரும்பப் பழைய இடத்துக்குப் போட்டுது.

இந்தக் கட்டுரைக்காக எங்கட கூட்டத்தில் ஒரு தோழி சின்ன வேலை ஒண்டு பார்த்தா. நத்தார் கேக்கின் அரைவாசி அளவை எடுத்து, பிளம்ஸுக்கும் செரிக்கும் பதிலாக யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த பனாட்டைப் பொடியாக வெட்டி, பனம்பாணியில் ரெண்டு கிழமை ஊறப்போட்டு, பூசணித் தோசியோடு சேர்த்து வெதுப்பினா. நிறம் கூடக் கறுப்பு. வாயில் வைத்ததும் கேக், விழுங்கினாப் பிறகு பனையின் அந்த மெல்லிய கசப்பு. வெள்ளவத்தையில் ஆறு பேர் தின்றோம். நாலு பேர் இன்னொரு துண்டு கேட்டினம், ஒருத்தர் பிரண்டி காணாது எண்டார். ஆறாவது ஆள், யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், ஒண்டும் பேசாமல் தின்னுபோட்டு மிச்சத்தைத் தாளில் சுத்தித் தன்ர அம்மாவுக்கு எடுத்துக்கொண்டு போனார். பனாட்டு ஊறப்போடேக்குள்ளே மிளகைக் கொஞ்சம் கூடப் போடச் சொல்லி அடுத்த நாள் அந்த அம்மாவிட்டயிருந்து செய்தி வந்தது.